மரத்துக்குப் புண் ஆறாது: மரம் பராமரிப்பவர்களின் சொற்களும் அவற்றின் பின்னணியும்

ஐப்பசி மழைக்கு முன்னால் தெருத்தெருவாக மரம் கழிக்கும் வேலை நடக்கும். வீட்டுக்காரர் ஆளைக் கூப்பிட்டு, "கொஞ்சம் கழிச்சு விடுங்கண்ணே" என்பார். எவ்வளவு, எந்தக் கிளை, எதற்காக என்று வந்தவர் கேட்க மாட்டார். கேட்டாலும் பதில் சொல்ல நம்மிடம் சொற்கள் இல்லை. சாயங்காலத்துக்குள் வேம்போ புங்கையோ வெறும் கம்பமாக நிற்கும். சில மாதங்களில் அது தளதளவென்று துளிர்த்துவிடும். "பாத்தீங்களா, வெட்டினாத்தான் மரம் நல்லா வரும்" என்று எல்லோருக்கும் மனசு சமாதானமாகிவிடும். அந்தத் துளிர் நலத்தின் அடையாளம் இல்லை. அது ஏன் என்று விளங்க வேண்டுமானால், மரம் பராமரிப்பதையே தொழிலாகச் செய்பவர்கள் பேசும் சில சொற்களைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இந்தத் தொழில் செய்பவரை ஆர்பரிஸ்ட் என்கிறார்கள். அமெரிக்காவில் 1924இலேயே இவர்களுக்கு ஓர் அமைப்பு உருவாகிவிட்டது. இன்று அது சர்வதேச ஆர்பரிகல்சர் சங்கம் என்ற பெயரில் தேர்வு வைத்துச் சான்றிதழ் தருகிறது. இந்தியாவில் அந்தச் சான்றிதழ் வாங்கியவர்கள் குறைவுதான். ஆனால் பெரிய கட்டுமான வேலைக்காக மரத்தை இடம் மாற்றும்போதும், அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கம் ஓர் ஆலோசகரை அழைத்து அறிக்கை வாங்கும்போதும் பிராஞ்ச் காலர், கிரௌன் ரிடக்‌ஷன், ரூட் ஃப்ளேர், டார்கெட் என்று இவர்களுடைய சொற்கள் நம் காதிலும் விழ ஆரம்பித்துவிட்டன. அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு விழிப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இந்தச் சொற்களில் பெரும்பாலானவை ஒரே ஓர் உண்மையிலிருந்து கிளைத்தவை. மரத்துக்குப் புண் ஆறாது.

நமக்குக் கையில் வெட்டுப்பட்டால் கெட்டுப்போன திசு போய், அந்த இடத்திலேயே புதிய திசு வருகிறது. மரத்தில் அப்படி நடப்பதில்லை. பட்டைக்கு அடியில் காம்பியம் என்ற மெல்லிய அடுக்கு ஒன்று இருக்கிறது. அது உட்பக்கம் கட்டையையும் வெளிப்பக்கம் பட்டையையும் உண்டாக்கிக்கொண்டே போகும். ஒருமுறை உண்டான கட்டையை மரம் பழுது பார்ப்பதும் இல்லை, மாற்றுவதும் இல்லை. அடிபட்ட கட்டை அடிபட்டபடியே உள்ளே கிடக்கும். மரத்தால் செய்ய முடிந்தது, அந்த இடத்தைச் சுற்றித் தடுப்பு எழுப்பி அழுகலை அதற்குள் அடைத்துவிட்டு, வெளியே புதுக் கட்டையைப் போர்த்திக்கொண்டு வளர்வதுதான்.

இதைத் தெளிவாகக் காட்டியவர் அலெக்ஸ் ஷைகோ. அமெரிக்க வனத்துறையில் 1959இல் தாவர நோயியல் ஆய்வாளராகச் சேர்ந்தார். ஒரே ஆள் தூக்கி அறுக்கக்கூடிய மோட்டார் ரம்பம் கைக்கு வந்திருந்த காலம் அது. அதுவரை மரத்தைக் குறுக்கே அறுத்து வளையங்களைப் பார்ப்பதுதான் வழக்கம். ஷைகோ நெடுக்குவாட்டில் பிளந்தார். ஒன்றிரண்டு இல்லை, ஆயிரக்கணக்கான மரங்கள். ஒரு பழைய காயத்திலிருந்து அழுகல் எந்தப் பக்கம் எவ்வளவு தூரம் போனது, எங்கே நின்றது என்பது அப்போதுதான் முழுசாகக் கண்ணில் பட்டது. 1970களில் அவர் வகுத்துச் சொன்ன விளக்கத்துக்குத்தான் கோடிட் என்று பெயர். மரத்துக்குள் அழுகலை அறை பிரித்து அடைத்தல் என்பது அதன் பொருள்.

அவர் நான்கு தடுப்புகளைச் சொன்னார். முதல் தடுப்பு, நீர் ஏறும் குழாய்கள் அடைத்துக்கொள்வது. அழுகல் மேலும் கீழும் ஓடாமல் பார்ப்பது இதன் வேலை, ஆனால் நான்கில் இதுதான் பலவீனமானது. ஒரு சாண் காயத்துக்குள் பல அடி நீளத்துக்கு அழுகல் ஓடியிருப்பதற்குக் காரணம் இதுவே. இரண்டாவது தடுப்பு அழுகல் உள்நோக்கிப் போவதைத் தடுக்கும். வளர்ச்சி வளையத்தின் கெட்டியான ஓரங்கள் அதைச் செய்கின்றன. மூன்றாவது, பக்கவாட்டில் பரவுவதைத் தடுப்பது. நான்காவது தடுப்பு காயம் பட்ட பிறகு காம்பியம் புதிதாக எழுப்புவது. அதுவே எல்லாவற்றிலும் உறுதியானது. அழுகல் அதைத் தாண்டி, காயத்துக்குப் பின் வளர்ந்த கட்டைக்குள் பெரும்பாலும் வராது.

இந்த நான்காவது தடுப்பில் நமக்கு ஒரு பெரிய சேதி இருக்கிறது. வெட்டுப்பட்ட அன்று மரம் எவ்வளவு பருமனோ, அழுகலும் அதிகபட்சம் அந்தப் பருமன்தான். ஐந்து வயசுக் கன்றில் விரல் மொத்தக் கிளையை அறுத்தால், பிற்காலத்தில் அந்தக் காயம் அடிமரத்தின் நடுவில் ஒரு சின்னப் புள்ளியாகப் புதைந்துவிடும். நாற்பது வயசு மரத்தில் தொடை மொத்தக் கிளையை வெட்டினால் கிட்டத்தட்ட முழு அடிமரத்தையும் அழுகலுக்குத் திறந்துவிடுகிறோம். சின்ன வயசிலேயே கிளைகளை ஒழுங்குபடுத்துவதை ஸ்ட்ரக்சுரல் புரூனிங் என்கிறார்கள். நாம் கவாத்து என்று திராட்சைக்கும் முருங்கைக்கும் தேயிலைக்கும் செய்வதைச் சாலை மரத்துக்கும் கன்றாக இருக்கும்போதே செய்வது அது. நம் ஊரில் நட்டதோடு சரி. பெரிய மரமான பிறகுதான் அரிவாளோடு வருகிறோம்.

சரி, கிளையை எங்கே அறுப்பது? இங்கேதான் பிராஞ்ச் காலர் வருகிறது. ஒரு வேப்ப மரத்தின் அருகில் போய், கிளை அடிமரத்தில் சேரும் இடத்தை நிதானமாகப் பாருங்கள். கிளை அப்படியே நேராக வந்து ஒட்டியிருக்காது. சேருமிடத்தில் ஒரு வீக்கம் இருக்கும், அடிப்பக்கத்தில் கொஞ்சம் அதிகமாகவே தெரியும். அதுதான் காலர், கிளையின் கழுத்து. சந்தின் மேல்புறத்தில் பட்டை நெருங்கி மடிந்து கருமையான வரப்பாகத் தெரியும். அதைப் பட்டை வரப்பு என்று சொல்லலாம். கழுத்து வீக்கம் பார்க்கக் கிளையின் பகுதி போலத் தெரிந்தாலும் அது அடிமரத்தின் திசு. கிளை தானாகக் காய்ந்து உதிரும்போதும் மரம் தடுப்பு எழுப்புவது அந்த இடத்தில்தான். ஆகவே வெட்டு அந்த வீக்கத்துக்கு வெளியே, அதைத் தொடாமல் விழ வேண்டும்.

இதில் இரண்டு விதமாகத் தவறு நடக்கும். வீக்கத்தையும் சேர்த்து அடிமரத்தோடு ஒட்ட வழித்து எடுப்பது ஒன்று. ஃபிளஷ் கட் என்பார்கள். பார்வைக்கு வழவழவென்று சுத்தமாக இருக்கும், ஷைகோவுக்கு முன்னால் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அதுதான் நல்ல வேலை என்று கற்பித்தார்கள். உண்மையில் அது அடிமரத்தையே வெட்டியது போல. தடுப்பு எழுப்ப வேண்டிய திசுவே போய்விடுகிறது. இன்னொன்று, அரை அடி ஓர் அடி குச்சியை விட்டுவிட்டு வெட்டுவது, ஸ்டப் என்பார்கள். அந்தக் குச்சியில் இலை இல்லை, அதனால் உயிர் நிற்காது. அது காய்ந்து இத்துப்போகும். புதுக் கட்டை அதைத் தாண்டி மூட முடியாமல் நிற்கும், பூஞ்சை உள்ளே போக வழி திறந்தே இருக்கும்.

வெட்டியவர் வேலை தெரிந்தவரா என்று ஓரிரு வருஷம் கழித்து மரமே காட்டிக்கொடுக்கும். காயத்தின் ஓரத்தில் முதலில் காலஸ் என்ற மிருதுவான திசு வந்து, பிறகு அது கெட்டியான விளிம்பாக உருள ஆரம்பிக்கும். அந்த விளிம்புக்கு வுண்ட்வுட் என்று பெயர். விளிம்பு நாலு பக்கமும் சமமாக வட்டமாக உருண்டு வந்தால் வெட்டு சரியான இடத்தில் விழுந்திருக்கிறது. இடமும் வலமும் மட்டும் உருண்டு, மேலும் கீழும் ஒன்றும் வராமல் நீள்வட்டமாக நின்றால் கழுத்தை வழித்துவிட்டார்கள் என்று அர்த்தம். உங்கள் தெருவில் இப்போதே நாலு மரத்தைப் பார்த்தால் இரண்டு வகையும் கிடைக்கும்.

கனமான கிளையை ஒரே மூச்சில் மேலிருந்து அறுத்தால், பாதி அறுபடும்போதே அது முறிந்து அடிமரத்தின் பட்டையையும் கீழ்நோக்கிக் கிழித்துக்கொண்டு விழும். அதைத் தவிர்க்கத்தான் மூன்று வெட்டு முறை. அடிமரத்திலிருந்து ஓர் அடி தள்ளி, கிளையின் அடிப்பக்கத்திலிருந்து மேல்நோக்கி மூன்றில் ஒரு பங்கு வரை முதல் அறுப்பு. அதற்குச் சற்று வெளியே, மேலிருந்து கீழாக இரண்டாவது அறுப்பு. கிளை விழும், கிழிசல் முதல் அறுப்போடு நின்றுவிடும். மிச்சமிருக்கும் கட்டையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, கழுத்துக்கு வெளியே மூன்றாவது அறுப்பு. இதற்கு வாள், அதாவது ரம்பம் வேண்டும். அரிவாளால் எவ்வளவு கைதேர்ந்தவர் கொத்தினாலும் தடித்த கிளையில் சிம்பு சிம்பாகத்தான் வரும், கழுத்தைக் காப்பாற்றுவது கடினம். அரிவாளை வைத்துவிட்டு ஒரு நல்ல கைவாள் வாங்கிக் கொடுப்பது, நம் மரங்களுக்கு நாம் பெரிய செலவில்லாமல் செய்யக்கூடிய பெரிய உதவிகளில் ஒன்று.

காயத்தில் தார், பெயின்ட், சாணம் பூசுவது பற்றியும் சொல்லிவிடுகிறேன். பூச்சு அழுகலைத் தடுக்கவில்லை என்பதை ஷைகோ தன் பிளந்த மரங்களில் காட்டினார். பூச்சுக்கு அடியில் ஈரம் தங்கிப் பூஞ்சைக்கு வசதியாகப் போவதும் உண்டு. பழத்தோட்டங்களில் நோய் பார்த்து போர்டோ பசை தடவச் சொல்வது வேறு விஷயம். அது பூஞ்சைக்கு எதிரான மருந்து, சில காலமே நிற்கும். சாலை மரத்தின் காயத்தை நிரந்தரமாக மூடும் பூச்சு என்று ஒன்று இல்லை. மரப் பொந்தில் சிமென்ட் நிரப்புவதும் அப்படித்தான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் அதை மரத்துக்கான அறுவை சிகிச்சை என்றே செய்தார்கள், பிறகு கைவிட்டார்கள். காற்றில் மரம் வளையும், சிமென்ட் வளையாது. இரண்டும் உரசி, மரம் எழுப்பிய தடுப்பே உடைந்துபோகும்.

அடுத்து தலைப்பகுதி. ஆர்பரிஸ்ட்கள் அதை கிரௌன் என்பார்கள். நாம் கழிப்பது என்று ஒரே சொல்லில் சொல்வதை அவர்கள் நாலைந்து தனித்தனி வேலைகளாகப் பிரித்திருக்கிறார்கள். காய்ந்த, ஒடிந்த கிளைகளை மட்டும் எடுப்பது கிரௌன் கிளீனிங். பேருந்தும் லாரியும் போக அடிக்கிளைகளை எடுப்பது கிரௌன் ரெய்சிங். தலைக்குள் நெருக்கத்தைக் குறைப்பது கிரௌன் தின்னிங். மரத்தின் உயரத்தையோ அகலத்தையோ குறைப்பது கிரௌன் ரிடக்‌ஷன். எந்த வேலையாக இருந்தாலும் ஒரே வருஷத்தில் கால்பங்கு இலைக்கு மேல் எடுக்கக் கூடாது என்பது பரவலாக ஏற்கப்பட்ட வரம்பு. வயசான மரம் என்றால் அதுவும் அதிகம்.

இவற்றில் நம் ஊருக்கு மிகவும் தேவையானது ரிடக்‌ஷன். நீளமான கிளையை இஷ்டப்பட்ட இடத்தில் நறுக்காமல், அதிலிருந்து பிரியும் ஒரு பக்கக் கிளை வரை பின்வாங்கி வெட்டுவது இது. அந்தப் பக்கக் கிளை, வெட்டப்படும் தண்டின் பருமனில் மூன்றில் ஒரு பங்காவது இருக்க வேண்டும். அப்போதுதான் அது தலைமையை எடுத்துக்கொண்டு வெட்டுக்குக் கீழே உள்ள கட்டைக்கு உணவு ஊட்ட முடியும். புயலுக்கு முன் செய்ய வேண்டியதும் இதுதான். கடப்பாரை நீளமாக நீளமாக நெம்பும் பலம் கூடுவது போல, கிளை நீளமாக நீளமாகக் காற்று அதை அடியில் முறிக்கும் பலமும் கூடுகிறது. நுனியில் கொஞ்சம் குறைத்தாலே அடியில் சுமை கணிசமாக இறங்கும். இதற்கு நேர்மாறாக நடக்கும் ஒரு வேலைக்கு லயன் டெயிலிங் என்று பெயர். ஏறியவருக்குக் கை எட்டும் உள்கிளைகளை எல்லாம் வழித்துவிட்டு, நுனியில் மட்டும் இலைக்கொத்தை விட்டுவிடுவார். பார்க்கச் சிங்கவால்தான். காற்றுச் சுமை முழுவதும் நுனிக்குப் போய்விடுவதால் முறியும் ஆபத்து கூடுகிறது. 'காத்து போக வழி விட்டாச்சு' என்று நம் ஊரில் இதைத்தான் அடிக்கடி செய்கிறோம்.

மொட்டையடிப்பதை டாப்பிங் என்கிறார்கள். இதற்குத் தரநிலைகளில் இடமே இல்லை, செய்யக் கூடாத வேலையாக மட்டுமே பேசப்படுகிறது. இலை போனதும் மரத்துக்கு உணவு தயாரிக்கும் வழி அடைபடுகிறது. அடிமரத்திலும் வேரிலும் சேர்த்து வைத்திருக்கும் மாவுச்சத்தை எடுத்துச் செலவழித்து, பட்டைக்கு அடியில் உறங்கிக்கொண்டிருந்த மொட்டுகளை அவசரமாகத் தள்ளிவிடுகிறது. நாம் பார்த்து மகிழும் அந்தத் தளதளப்பு இதுதான். எபிகார்மிக் துளிர் என்பார்கள். இயல்பாக வந்த கிளையின் அடி, வருஷா வருஷம் அடிமரத்தின் வளையங்களோடு பின்னிப் புதைந்திருக்கும். இந்த அவசரத் துளிருக்கு அந்தப் பிடிமானம் இல்லை. வெளி வளையத்தில் மட்டும் ஒட்டியிருக்கும். அதற்கு அடியில் வெட்டுப்பட்ட தண்டு மேலிருந்து அழுகிக்கொண்டு இறங்கும். சில வருஷங்களில் துளிரெல்லாம் கனத்த கொம்புகளாகி, அழுகிய கட்டையின் விளிம்பில் நிற்கும். விழாமல் இருக்க வெட்டிய மரம், வெட்டியதாலேயே விழும் நிலைக்கு வருகிறது. இதை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே வயிறு எரிகிறது, ஏனென்றால் மொட்டையடிக்கச் சொல்பவர் கெட்டவர் இல்லை. பக்கத்து வீட்டுக் குழந்தை மேல் கிளை விழுந்துவிடக் கூடாதே என்ற பயத்தில்தான் சொல்கிறார்.

டாப்பிங்கைப் போலார்டிங்கோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். போலார்டிங் இளமரத்தில் தொடங்கி, சில வருஷத்துக்கு ஒருமுறை அதே இடத்தில் மெல்லிய துளிர்களை மட்டும் எடுப்பது. வெட்டும் இடத்தில் முட்டி போலப் புடைத்துக்கொள்ளும். அந்த முட்டியை வெட்டக் கூடாது. லண்டனுக்கு அருகில் எப்பிங் காட்டில் இப்படி நூற்றாண்டுகளாக விறகுக்குக் கழிக்கப்பட்ட முதுமரங்கள் இன்றும் நிற்கின்றன. ஆட்டுக்கும் தழையுரத்துக்கும் கிளிரிசிடியாவை ஒரே உயரத்தில் திரும்பத் திரும்பக் கழிக்கும் நம் விவசாயி செய்வதும் இதை ஒட்டியதுதான். நாற்பது அடித் தூங்குமூஞ்சி மரத்தை ஒரு நாள் திடீரென்று இருபது அடியில் துண்டிப்பதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

மின்கம்பிக்குக் கீழே நிற்கும் மரத்துக்கு என்ன வழி என்று கேட்பீர்கள். டைரக்‌ஷனல் புரூனிங். கம்பியை நோக்கிப் போகும் கிளைகளைக் கழுத்து வரை முழுதாக எடுத்துவிட்டு, கம்பியை விட்டு விலகிப் போகும் கிளைகளை அப்படியே விடுவது. மரம் ஒரு பக்கம் கோணலாக, நடுவில் பிளந்தது போலத் தெரியும். அழகு குறைவுதான், ஆனால் எல்லாக் கிளையையும் ஒரே மட்டத்தில் கத்தரித்தால் அத்தனை துளிரும் நேராகக் கம்பிக்கே திரும்பும், அடுத்த வருஷமும் ஆள் வர வேண்டும்.

மரத்தின் கவையைப் பார்க்கும்போது இரண்டு சொற்கள் உதவும். கோடாமினன்ட் என்றால் ஏறத்தாழ ஒரே பருமனில் இரண்டு தண்டுகள் போட்டி போட்டுக்கொண்டு மேலே போவது. இன்குளூடட் பார்க் என்றால் அந்த இரண்டுக்கும் நடுவே பட்டை சிக்கிக்கொள்வது. பட்டை வரப்பு வெளியே புடைத்துத் தெரிந்தால் உள்ளே கட்டையும் கட்டையும் சேர்ந்திருக்கிறது என்று நம்பலாம். வரப்பு தெரியாமல் உள்வாங்கிய கீறலாக, இடுக்கமாக இருந்தால் அங்கே பட்டையும் பட்டையும்தான் ஒட்டிக்கொண்டிருக்கின்றன, பிடிப்பு இல்லை. புயலில் நட்டநடுவே இரண்டாகப் பிளந்து விழும் மரங்களில் இப்படிப்பட்ட கவைகள் நிறைய. கன்றாக இருக்கும்போது ஒரு தண்டைக் குறைத்திருந்தால் ஐந்து நிமிஷ வேலை. பெரிய மரமான பிறகு மேலே இரும்பு வடம் கட்டுவது கேபிளிங், கவையில் துளை போட்டு இரும்புக் கம்பி முடுக்குவது பிரேசிங். இரண்டுக்கும் செலவு, இரண்டுக்கும் அடிக்கடி சோதனை.

இதுவரை கண்ணுக்குத் தெரியும் பகுதி. சென்னையைப் போன்ற ஊர்களில் மரங்கள் உண்மையில் சாவது தரைக்குக் கீழே. நன்றாக வளர்ந்த மரத்தின் தூர், தரையைத் தொடும் இடத்தில் விரிந்து வேர்களாகப் பிரிவது தெரிய வேண்டும். அந்த விரிவுதான் ரூட் ஃப்ளேர். மின்கம்பம் நட்டது போல மரம் நேராகத் தரைக்குள் போகிறது என்றால் தூரை மண்ணோ கான்கிரீட்டோ மூடியிருக்கிறது. வேருக்கு மூச்சு வேண்டும், தூரின் பட்டைக்கு ஈரம் ஆகாது. மூடினால் இரண்டும் கெடும். கர்ட்லிங் ரூட் என்பது நாற்றங்காலில் பாலித்தீன் பைக்குள் சுற்றிச் சுற்றி வளர்ந்த வேர். நடும்போது அதைப் பிரித்துவிடாவிட்டால், இருபது வருஷம் கழித்து அதே வேர் பருத்துத் தூரை இறுக்கும். கன்றைக் காக்கப் போட்ட இரும்புக் கூண்டை எடுக்க மறந்து, அது பட்டைக்குள் புதைவதும் இதே மாதிரிதான் கழுத்தை நெரிக்கிறது.

வேர் எவ்வளவு தூரம் போகும் என்று கேட்டால், கிளை பரப்பையும் தாண்டிப் போகும், ஆனால் ஆழமாகப் போகாது என்பதே பதில். பெரும்பகுதி மேல் இரண்டடி மண்ணுக்குள்தான். இதைக் காக்கப் பிரிட்டிஷ் தரநிலை ஒரு கணக்கு வைத்திருக்கிறது. அடிமர விட்டத்தைப் போல 12 மடங்கு ஆரத்துக்கு வேர்ப் பாதுகாப்பு வட்டம் போட வேண்டும். நெஞ்சு உயரத்தில் நூலைச் சுற்றி அளந்தால் 188 சென்டிமீட்டர் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 3.14ஆல் வகுத்தால் விட்டம் கிட்டத்தட்ட 60 சென்டிமீட்டர். 12 மடங்கு என்றால் 7.2 மீட்டர். சாலையோரத்தில் சாதாரணமாக நிற்கும் ஒரு மரத்துக்கு இவ்வளவு. மழைநீர்க் கால்வாய்ப் பள்ளம் அதிலிருந்து ஒரு மீட்டரில் போகிறது. டெல்லி மரங்களைச் சுற்றி ஒரு மீட்டராவது கான்கிரீட்டை அகற்றச் சொல்லித் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013இல் உத்தரவிட்டது. அதுவே பல ஊர்களில் இன்னும் கனவாக இருக்கிறது என்றால் 7.2 மீட்டரை யார் கேட்பது? ஆனாலும் கேட்க வேண்டும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைத் தாக்கியபோது ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. ஒரு பக்கத்து வேர் அறுபட்ட மரத்துக்கு, அந்தப் பக்கமிருந்து காற்று அடித்தால் இழுத்துப் பிடிக்க எதுவுமில்லை.

பொந்து விழுந்த மரத்தை உடனே வெட்டிவிட வேண்டுமா? இங்கே ஆர்பரிஸ்ட்கள் காட்டும் நிதானம் எனக்கு மிகவும் பிடிக்கும். மரத்தின் நடுவிலிருக்கும் வைரம் பாய்ந்த கட்டை உயிரில்லாதது. உயிரும் நீரோட்டமும் வெளிச் சுற்றில்தான். நடு காலியானாலும் மரம் வாழும், குழாயைப் போல நிற்கவும் செய்யும். எவ்வளவு சுவர் மிஞ்சியிருந்தால் போதும் என்பதற்கு ஜெர்மன் ஆய்வாளர் கிளாஸ் மாட்டெக் ஓர் அளவு சொன்னார். மிஞ்சிய கெட்டிச் சுவர் அடிமர ஆரத்தில் ஏறக்குறைய 30 சதவீதத்துக்குக் குறைந்தால் கவனம் வேண்டும். இந்த எண்ணை எல்லோரும் ஒப்புக்கொள்வதில்லை. மரத்தின் உயரம், தலையின் அளவு பார்க்காமல் இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது என்று வாதிடுபவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் பக்கம் நியாயமும் இருக்கிறது. சுவரை அளக்க முதலில் ஒரு கொட்டாப்புளியால் தட்டிச் சத்தம் கேட்பார்கள். சந்தேகம் வந்தால் ரெசிஸ்டோகிராஃப் என்ற மெல்லிய ஊசித் துளைப்பான், அல்லது சுற்றிலும் உணரிகள் கட்டி ஒலி போகும் வேகத்தைப் பார்க்கும் டோமோகிராஃப். தூரில் விசிறி போலக் காளான் முளைத்திருந்தால் அது கனோடெர்மாவாக இருக்கலாம், உள்ளே அடிக்கட்டை அழுகுவதற்கான அறிகுறி. தென்னையில் தஞ்சாவூர் வாடல் நோய் என்று நாம் சொல்வதும் கனோடெர்மாவின் வேலைதான்.

அழுகல் எவ்வளவு மெதுவாக நடக்கும் என்பதற்குக் கொல்கத்தா அருகே ஷிப்பூர் தாவரவியல் தோட்டத்துப் பெரிய ஆலமரம் சாட்சி. 1864இலும் 1867இலும் வந்த புயல்கள் அதைக் காயப்படுத்தின. காயங்களின் வழியே பூஞ்சை புகுந்தது. நடு அடிமரத்தை எடுக்க வேண்டி வந்தது 1925இல். விழுதுகள் இருந்ததால் ஆலமரம் பிழைத்து இன்றும் பரந்து நிற்கிறது. விழுது விடாத வேம்புக்கு அந்த வசதி இல்லை.

ஆபத்து, அபாய மதிப்பீடு என்று அறிக்கையில் வரும் இடத்தில் மூன்று கேள்விகள் இருக்கும். முறிய வாய்ப்பு எவ்வளவு, முறிந்தால் யார் மேலாவது எது மேலாவது விழ வாய்ப்பு எவ்வளவு, விழுந்தால் விளைவு என்ன. இரண்டாவது கேள்வியில் வரும் அந்த ஆளோ பொருளோதான் டார்கெட். நடுக்காட்டில் நிற்கும் பொந்து மரத்துக்கு டார்கெட் இல்லை, ஆகவே அபாயமும் இல்லை. ஆந்தைக்கும் கிளிக்கும் அது வீடு. அதே மரம் பள்ளிக்கூட வாசலில் நின்றால் கணக்கு வேறு. பல நேரம் மரத்தைத் தொடவே வேண்டியதில்லை. அதன் அடியில் இருக்கும் ஆட்டோ ஸ்டாண்டையோ பெஞ்சையோ இருபதடி தள்ளி வைத்தால் அபாயம் பெருமளவு குறைந்துவிடும்.

மேலே சொன்னதில் பெரும்பகுதி தென்னைக்கும் பனைக்கும் பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும். அவற்றுக்குக் காம்பியம் இல்லை. காயத்தை மூடப் புதுக் கட்டை வராது. ஏறுவதற்காகத் தென்னையில் கொத்திய படி அந்த மரம் இருக்கும்வரை அப்படியே இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். வெளியே வைரமுள்ளதைப் புல் என்றும் உள்ளே வைரமுள்ளதை மரம் என்றும் தொல்காப்பிய மரபியல் பிரித்தது இந்த வேறுபாட்டை வைத்துத்தான். ஆகவே தென்னையில் ஆணி அடிப்பதும் படி வெட்டுவதும் வேம்பில் செய்வதைவிடப் பெரிய கெடுதல். இரும்பு முள் வைத்த ஏறுகாலணியையும், தொழில்முறை ஆர்பரிஸ்ட்கள் மரத்தை முழுதாக அகற்றும்போது மட்டுமே போட்டுக்கொள்வார்கள், கழிக்கும்போது கயிறும் ஏணியும்தான்.

அடுத்தமுறை ஆள் வைக்கும்போது இந்தச் சொற்களை அவரிடம் ஒப்பிக்க வேண்டாம். கீழே நின்று கையைக் காட்டிச் சொல்லலாம்: "அந்தக் காஞ்ச கொம்பு மட்டும் எடுங்கண்ணே. அந்த நீட்டுக் கிளையை அந்தச் சின்னக் கிளை பிரியிற இடம் வரைக்கும் குறைங்க. வீங்கின இடத்தை விட்டு வெளிய வாளால அறுங்க, அடியிலேர்ந்து முதல்ல ஒரு அறுப்பு போட்டுக்குங்க. நுனி இலையையும் உள்இலையையும் வழிக்காதீங்க." வேலை செய்து பழகியவருக்கு இது உடனே புரியும், பலர் ஏற்கெனவே கண்ணால் கண்டு தெரிந்து வைத்திருப்பார்கள்.

அப்புறம் கூலி. வெட்டிய விறகையே கூலியாக எடுத்துக்கொள்ளும் வழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. அப்படிப் பேசினால் தடித்த கிளையில்தான் அவருக்கு வருமானம், மெல்லிய கிளையில் இல்லை. நல்ல கவாத்து என்பது பெரும்பாலும் மெல்லிய கிளைகளை எடுப்பது. விறகைத் தனியாக வைத்துக்கொண்டு, நாள் கூலியைப் பணமாகக் கொடுங்கள்.